கொத்துக்கு மாவு வராது

பொகவந்தலாவை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் யூஜினா முதலில் செய்கிற காரியம், தம்பியின் நாட்டை எட்டிப் பார்ப்பதுதான். தம்பி றிச்சர்ட் இருப்பது கத்தாரில், ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில். அவனுடைய நாடு இருப்பது அக்காளின் கைபேசிக்குள்.

அவன் விமானம் ஏறிய வருடம் தொடங்கிய பழக்கம் அது. விளையாட்டில் ஆளுக்கொரு நாடு. நகரங்களைக் கட்டலாம், வயல் திருத்தலாம், படை சேர்க்கலாம், சண்டை போடலாம். ஆனால் ஒருவர் தன் முறையை ஆடி அனுப்பினால்தான் மற்றவர் ஆட முடியும். காலையில் அவள் ஒரு முறை ஆடி அனுப்புவாள். அங்கே அவன் வேலை முடிந்து அறைக்கு வந்து பதில் முறை ஆடுவான். கூடவே நாலு வார்த்தை திட்டும் அனுப்புவான். வாரத்துக்கு ஒருமுறை வருகிற போன் கோலில், "சாப்பிட்டியா, அம்மாவுக்குக் கால் வலி எப்பிடி, அங்க மழையா" என்பதற்கு மேல் அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். மற்ற எல்லாப் பேச்சும் அந்த விளையாட்டுக்குள்தான் நடந்தது.

றிச்சர்ட் தன் நகரங்களுக்குத் தின்பண்டங்களின் பெயரை வைத்திருந்தான். தலைநகரம் கொத்து. அடுத்தது கட்லட். கடலோரத்தில் மாலுபாண். பெயரைப் போலவே அவன் ஆட்சியும். பஸாரில் சில கடைகள் உண்டு. முன்னால் செருப்புத் தொங்கும், உள்ளே பருப்பும் மாசிக் கருவாடும் இருக்கும், ஒரு மூலையில் போனுக்கு ரீலோட் போடுவார்கள், இன்னொரு மூலையில் குடைக்குக் கம்பி மாற்றுவார்கள். றிச்சர்ட்டின் ஒவ்வொரு நகரமும் அப்படி ஒரு கடை. பாதி கட்டிய மதில், பாதி கட்டிய சந்தை, ஒரேயொரு குதிரை.

யூஜினாவும் எல்லா நகரத்திலும் எல்லாவற்றையும் கட்டுகிறவள்தான். ஆனால் ஒழுங்காகக் கட்டுவாள். முதலில் நூலகம். பிறகு களஞ்சியம், பிறகு மதில், பிறகு படைமுகாம். ஒவ்வொரு நகரமும் தன் காலில் தானே நிற்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அதற்குக் காரணம் இருந்தது. அவள் படிப்பிக்கிற தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். அவள் புவியியல் ஆசிரியை. வரலாறும் அவள்தான். கிறிஸ்தவப் பாடமும் அவள்தான். வலைப்பந்துக்குப் பயிற்சி, பரிசளிப்பு விழாவுக்கு அறிவிப்பு, தண்ணீர்க் குழாய் அடைத்தால் ஈர்க்குக் கொண்டுவந்து குத்துவது, எல்லாம் அவள்தான். ஒரே ஆள் ஒரே வேலையை மட்டும் செய்யலாம் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

அவள் நகரங்களுக்கு நதிகளின் பெயர்: களனி, மகாவலி, வளவை. இதுவரை விளையாடிய எல்லா ஆட்டத்திலும் அவள்தான் ஜெயித்திருந்தாள்.

அன்றைக்குப் பாடசாலை விட்டு பஸ்ஸில் ஏறி, தம்பியின் நாட்டைத் திறந்து பார்த்தவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கொத்து நகரத்தில் இருந்த அவளுடைய தூதுவர் மூலம் அங்கே நடப்பதையெல்லாம் பார்க்கலாம். அங்கே பாதி கட்டிக் கிடந்த சந்தையைக் காணவில்லை. அந்த இடத்தில் உலைக்களம். பக்கத்தில் இன்னொரு உலைக்களம். சுற்றியிருந்த குன்றுகளிலெல்லாம் இரும்புச் சுரங்கம். நகரம் முழுக்க ஈட்டி செய்வதைத் தவிர வேறு வேலையே இல்லை.

"இவனுக்கு என்னாச்சு?" என்று அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். பக்கத்து இடத்தில் கோவா மூட்டையை மடியில் வைத்திருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

கட்லட்டைத் திறந்தாள். ஆற்றோரம் இருந்த அந்த நகரத்தில் வயலும் களஞ்சியமும் மட்டும். ஒரு காவற்காரன்கூட இல்லை. மாலுபாணில் நூலகங்களும் கல்விக்கூடங்களும் மட்டும். ஒரு நகரம் சமைக்கிறது, ஒரு நகரம் படிக்கிறது, ஒரு நகரம் ஆயுதம் செய்கிறது. பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. யூஜினாவின் மனமும் கொஞ்சம் சாய்ந்தது. றிச்சர்ட்டுக்கு இப்படி யோசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகிற நாளில் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டான்.

அடுத்த வாரமே சண்டை வந்தது. ஈட்டிக்காரர்கள் வரிசையாக வந்து வளவை நகரத்தைச் சூழ்ந்தார்கள். வளவையில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. மதில் கொஞ்சம், வீரர் கொஞ்சம், புத்தகம் கொஞ்சம். வந்தவர்களிடம் ஒன்றுதான் இருந்தது, ஆனால் அது நிறைய இருந்தது. வளவை போய்விட்டது. யூஜினா முதல் தடவையாகத் தன் நகரம் ஒன்றில் வேறு கொடி பறப்பதைப் பார்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைத் தவறவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மழையில் நடந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை றிச்சர்ட் கோல் எடுத்தான்.

"என்னக்கா, வளவை போச்சாமே?"

யூஜினா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "போச்சாமேயா? நீதானடா புடிச்ச?"

"ஆ... ஆமா, ஆமா. நான்தான். எப்பிடி அடி?"

"கொத்துல ஏன்டா சந்தைய ஒடச்ச?"

"ஒடச்சேனா? அது... அது சும்மா. அம்மாகிட்ட போனைக் குடு, அம்மாகிட்ட பேசணும்."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு யூஜினா அடுப்படியில் நின்று யோசித்தாள். சொந்தமாகச் செய்த காரியத்தை ஒருவன் 'போச்சாமே' என்று கேட்பானா?

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. அவன் நாட்டில் மலைகளுக்கு நடுவே ஒரு கணவாயில் புதிய நகரம் ஒன்று முளைத்தது. கட்லட்டிலிருந்து கொத்துக்குப் போகிற ஒரே சாலை அந்தக் கணவாய் வழியாகத்தான் போனது. நல்ல இடம், அவளே பிடித்திருக்க வேண்டிய இடம். ஆனால் அவளைத் தூக்கிவாரிப் போட்டது அதன் பெயர். ரோல்ஸும் இல்லை, பற்றிஸும் இல்லை. ராகலை.

றிச்சர்ட் பிறந்ததிலிருந்து அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. நுவரெலியாவைத் தாண்டினாலே குளிரில் மூக்கு ஒழுகுகிறவன்.

அன்று சாயந்தரம் அவள் முறையை ஆடி முடித்து, விளையாட்டுக்குள்ளேயே ஒரு செய்தி அனுப்பினாள்: "டைகர் ரெண்டு நாளா ஒன்னும் திங்கல. அம்மாவுக்கு ஒரே கவல."

பதில் உடனே வந்தது. "ஐயோ பாவம். மிருக டொக்டர்கிட்ட காட்டுனீங்களா? அம்மாவ கவலப்பட வேணாம்னு சொல்லுங்க."

வீட்டு நாய் டைகர் செத்து எத்தனையோ வருடம். றிச்சர்ட்தான் அழுதுகொண்டே வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரத்தடியில் குழி தோண்டினான். அது போகட்டும். 'காட்டுனீங்களா', 'சொல்லுங்க'! றிச்சர்ட் தன் அக்காளுக்கு வாழ்நாளில் ஒரு 'ங்க' போட்டதில்லை. தேவமாதாவிடம் ஜெபிக்கும்போதுகூட ஒருமையில்தான் பேசுவான்.

யூஜினா முதலில் சிரித்தாள். சிரித்து முடித்தபோது கோபம் வந்தது.

"அம்மா, ஒங்க மகன் என்னை ஏமாத்துறான்" என்றாள். அம்மா பவுலின் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போன நேரத்தில் நூறு பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்து வைத்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "யாரோ ஒரு பையன் நாய்க்கு ஒடம்பு சரியில்லன்னதும் பதறுறான். நல்ல மனசுக்காரனா இருப்பான்" என்றார்.

"அதுவாம்மா இப்ப விஷயம்?"

"வேற என்ன விஷயம்?"

தம்பியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கலாம். யூஜினா போடவில்லை. முதலில் ஜெயிக்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும் என்று முடிவு செய்தாள். இத்தனை நாளில் அவளைத் தோற்கடித்த முதல் ஆள் யார் என்று தெரியாமலே, அந்த ஆளின் மூளை எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதில் அவளுக்கு ஒரு ருசி தட்டியிருந்தது. பாடசாலை இடைவேளையில் கரும்பலகையின் ஓரத்தில் அந்த நாட்டின் வரைபடத்தைப் போட்டு வைத்துக்கொண்டு யோசித்தாள். பிள்ளைகள் அதைப் பாடம் என்று நினைத்துக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அழிக்கும்போதுதான் கவனித்தாள்.

அவள் தன் நகரங்களையும் மாற்றத் தொடங்கினாள். களனியைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. எதிரி வர வழியில்லாத இடம். அது இனிப் படிக்க மட்டும். மகாவலி ஆற்றோரம், அது விளைவிக்க. பாறைகளுக்கு நடுவே வறண்டு கிடந்த சின்ன நகரம் ஒன்றைப் படைக்கென்று ஒதுக்கினாள். மகாவலியில் நூலகம் கட்டும் வேலையை நிறுத்தச் சொல்லி விரலை வைத்தபோது, அவளுக்கு ஒரு வகுப்பறையை இழுத்துப் பூட்டுகிற மாதிரி இருந்தது. நிறுத்தினாள். அடுத்த முறை மனம் கேட்காமல் மறுபடி தொடங்கினாள். அதற்கடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நிறுத்தினாள். "மகாவலியில உள்ளவங்க களனிக்குப் போய்ப் படிக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாற்றம் வேலை செய்தது. ஆனால் கொத்து நகரத்தை நேரே போய் அடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அங்கே ஈட்டிகள் மலைபோலக் குவிந்திருந்தன. யோசித்துப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. கொத்தில் வயலே இல்லை. எல்லாவற்றையும் உலைக்களமாக்கிவிட்டார்கள். அப்படியானால் அத்தனை வீரர்களும் எதைத் தின்கிறார்கள்? கட்லட்டில் விளைகிற தானியம் வண்டி வண்டியாக, கணவாய் வழியாக, ராகலையைக் கடந்துதான் கொத்துக்குப் போகிறது.

மழைக்காலத்தில் கினிகத்தேனைக்குக் கிட்ட வீதியில் ஒரு மண்மேடு சரிந்தால் ஹட்டனில் மறுநாள் தேங்காய்க்கு என்ன கதி என்று மலைநாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. புவியியல் டீச்சருக்கு அறவே வேண்டியதில்லை.

படை முழுவதையும் காட்டு வழியாகச் சுற்றி நடத்திக்கொண்டு போனாள். கொத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ராகலையில் இருந்தது சின்னக் காவல்தான். ஒரே அடியில் பிடித்தாள். கணவாயை மூடினாள். பிறகு ஒன்றுமே செய்யாமல் இருந்தாள். இரண்டு மூன்று முறை கழிந்ததும் கொத்திலிருந்து ஈட்டிக்காரர்கள் பசியில் கலைந்து போகத் தொடங்கினார்கள். அப்போது அவள் செய்தி அனுப்பினாள்:

"உங்க கொத்துக்கு இனி மாவு வராது. நீங்க யாருன்னு சொன்னீங்கன்னா பாதைய தொறக்குறேன்."

பதில் வரவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், கோல் எடுக்கிற நாளே இல்லாத ஒரு நாளில், றிச்சர்ட்டிடமிருந்து கோல் வந்தது.

"அக்கா, கோவிக்காத" என்றான்.

"கோவிக்கிறதா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன். யாருடா அது?"

"என் ரூம்ல இருக்கிற பையன். விஜிதரன். எங்க கிச்சன்லதான் வேல. ஊரு ராகல பக்கம். ஒரே ஒரு சண்டைய ஆடிக் குடுடான்னுதான் குடுத்தேன் அக்கா. அவன் திருப்பியே தரல."

"ஏன் குடுத்த?"

"எத்தன ஆட்டம் தோத்துட்டேன்னு ஒனக்குத் தெரியுமா? ஒவ்வொரு தடவயும் நீ ஜெயிப்ப. தூங்கி எந்திருச்சி, இன்னிக்கு எந்த நகரம் போச்சோன்னு பாக்க பயமா இருக்கும். நானும் மனுசன்தானே?"

யூஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குக் கீழே வேறு ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட அவளால் முடியவில்லை. "அலுத்துப் போச்சின்னா சொல்லியிருக்கலாமேடா. நான் விளையாடுனது ஜெயிக்கிறதுக்கா? நீ அனுப்புற திட்டப் படிக்கத்தானே. நீ போனதுக்கப்புறம் வீட்டுல என்னைத் திட்ட ஆளே இல்ல."

றிச்சர்ட், "அதுக்கு ஏன் ஆட்டம்? நான் சும்மாவே திட்டுறேன்" என்றான். திட்டவும் செய்தான். டைகர் பெயரைச் சொல்லி ஆள் பிடித்தது எவ்வளவு கேவலமான வேலை என்று தொடங்கி நெடுநேரம் திட்டினான். அன்றிலிருந்து, ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு நாளைக்கு ஒருமுறை கோல் வந்தது.

அன்று மாலையே விஜிதரனின் செய்தியும் வந்தது. "மன்னிச்சிருங்க டீச்சர். நான் விஜிதரன். றிச்சர்ட் பேருல ஆடுனது தப்புத்தான். டைகருக்கும் என் அனுதாபம். இப்பத்தான் றிச்சர்ட் சொன்னான்."

அவள் சொன்னபடியே கணவாயைத் திறந்துவிட்டாள். வாக்கு வாக்குத்தான். தானிய வண்டிகள் மறுபடி கொத்துக்குப் போயின. அதற்குப் பிறகு விஜிதரனின் படை அசையவே இல்லை. ஈட்டிகள் கூடின, ஆனால் ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், ஏன் இப்படிச் சும்மா இருக்கிறீர்கள் என்று.

"சோறு போட்டவங்கள அடிக்க மனசு வரல டீச்சர்."

"விளையாடுறதுன்னா ஒழுங்கா விளையாடுங்க. இல்லாட்டி வுட்டுட்டுப் போங்க."

அடுத்த முறையே அவன் வந்து மகாவலியைப் பிடித்துக்கொண்டான். யூஜினா பாடசாலை மேசையில் கையால் ஓங்கி அடித்தாள். அதிபர் எட்டிப் பார்த்தார். கோபத்தில் அவள் காதெல்லாம் சிவந்திருந்தது, முகத்தில் மட்டும் பெரிய சிரிப்பு.

அப்புறம் முறைக்கு ஒரு செய்தி, செய்திக்கு ஒரு பதில் என்று ஆயிற்று. நகரங்களை இப்படிப் பிரித்து ஆட எங்கே கற்றீர்கள் என்று அவள் கேட்டாள். அவன் எழுதினான்: "எங்க கிச்சன் அப்பிடித்தான் டீச்சர். ஒருத்தன் வெங்காயம் மட்டும். ஒருத்தன் சோஸ் மட்டும். நான் வந்த புதுசுல ஒரு வருசம் கரட் மட்டும் வெட்டுனேன். றிச்சர்ட் மாவு மட்டும். ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் தொட்டா செஃப் கத்துவாரு. மொதல்ல கஷ்டமா இருந்திச்சி. அப்புறம் பாத்தா, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு நேரத்துக்குப் போகுது."

"வெங்காயக்காரர் லீவு போட்டா?"

"அன்னிக்கு எல்லாரும் அழுவோம்."

அதைப் படித்துவிட்டு அவள் பஸ்ஸில் தனியாகச் சிரித்தாள். தன் பாடசாலையைப் பற்றி எழுதினாள். ஒரே ஆள் மணியும் அடித்து, பாடமும் எடுத்து, குழாயும் குத்துவதைப் பற்றி. "அப்பிடின்னா ஒங்க ஸ்கூல்ல யாரு லீவு போட்டாலும் ஒன்னும் ஆகாது" என்று அவன் எழுதினான். "யாராலயும் லீவே போட முடியாது" என்று அவள் எழுதினாள்.

ஆட்டம் முடிகிற தறுவாயில் இருந்தபோது விஜிதரன் லீவில் ஊருக்கு வந்தான். றிச்சர்ட் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட பார்சல் அவனிடம் இருந்தது. ராகலையிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து ஹட்டன், அங்கிருந்து பொகவந்தலாவை என்று பஸ் மாறி மாறி ஒரு சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தான். மெலிந்த, உயரமான ஆள். நெற்றியில் மெல்லிய திருநீறு. கையில் பார்சல். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்கே அவ்வளவு நேரம் எடுத்தான்.

"வாங்க தம்பி, உள்ள வாங்க" என்றார் பவுலின். திருநீற்றை ஒருமுறை பார்த்தார். சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தேத்தண்ணி போடப் போனார்.

செய்திகளில் வாய் ஓயாத ஆள், நேரில் வாயைத் திறக்கவில்லை. யூஜினாவுக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பயணம் எப்படி என்று கேட்டாள். நல்லம் என்றான். மழையா என்றாள். இல்லை என்றான். பார்சலைப் பிரித்தார்கள், சொக்கலட்டும் பால்மாவும் அம்மாவுக்கு ஒரு கால்வலித் தைலமும் இருந்தன. பவுலின் கொண்டுவந்து வைத்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் பார்த்துக்கொண்டே அவன் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் யூஜினாதான், "ஒங்க முறைதான்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அவ்வளவுதான், இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். ஆளும் மாறிவிட்டான்.

"டீச்சர், களனிய காவல் இல்லாம வுட்டிருக்கீங்க."

"ஒங்களுக்கு என்ன அதப் பத்தி?"

"வரப் போறேன்."

"வாங்க. மூனு பக்கமும் மலை."

"நாலாவது பக்கம்?"

நாலாவது பக்கம் மகாவலி. அது இப்போது அவன் கையில்தான் இருந்தது. ஈட்டிக்காரர்கள் அங்கிருந்து வரிசையாக நடந்து வருவதை யூஜினா பார்த்தாள். பவுலின் ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தி, "சாப்பிட்டுட்டு அடிங்க தம்பி" என்றார். அவன் ஒரு கையால் ரொட்டியைப் பிய்த்து, மறு கையால் படையை நடத்தினான். சம்பலில் காரம் ஏறிக் கண் கலங்கியது. அப்படியும் நிறுத்தவில்லை.

களனியின் வாசலுக்கு அவன் படை வந்து சேர்ந்தது. அடுத்த முறை நகரம் விழப்போகிறது. போனை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றான் தாழ்ந்த குரலில். உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

யூஜினா தன் முறையை ஆடினாள். ஒரு வீரனையும் நகர்த்தவில்லை. இத்தனை நாளாக வேறெந்த வேலையும் இல்லாமல் படித்துக்கொண்டே இருந்த களனி, அந்த முறையில் கடைசிப் பாடத்தையும் படித்து முடித்தது. உலகத்தின் எல்லாக் கலைகளையும் முதலில் கற்று முடிக்கிற நாட்டுக்கு வெற்றி என்பது அந்த விளையாட்டின் விதிகளில் ஒன்று. படை நடத்துகிறவர்கள் அதை அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் வாத்தியச் சத்தம் கேட்டது.

விஜிதரன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். பிறகு நாற்காலி பின்னால் சாயச் சிரித்தான். கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி அவ்வளவு பெரிய சிரிப்பு அந்த மெலிந்த உடம்புக்குள் இருந்தது யூஜினாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. "நான் ஒங்க வாள்களையே எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றான். "பொத்தகத்த பாக்கவே இல்ல."

"டீச்சர்கிட்ட பொத்தகத்தத்தானே மொதல்ல பாக்கணும்?"

வீடியோ கோலில் றிச்சர்ட்டுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். "என் நாட்டப் பறிகுடுத்துட்டியேடா பாவி" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு, அடுத்த ஆட்டத்தில் மூன்று பேரும் சேரலாம் என்றும், தான் தின்பண்டப் பெயர்களை விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்றும் அறிவித்தான். பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தி, திரைக்குள்ளிருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி, சரி. நான் மாவு பிசையப் போறேன்" என்று வைத்துவிட்டான்.

விஜிதரனை பஸ்ஸுக்கு அனுப்ப யூஜினா பஸார் வரைக்கும் நடந்தாள். லீவு முடிந்து போனால் இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் மிச்சம் என்றும், அதன் பிறகு ஊரிலேயே சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட யோசிக்கிறான் என்றும் வழியில் சொன்னான். "அங்க வெங்காயம், சோஸ், மாவு எல்லாம் நானே" என்றான். கொஞ்சம் பயமாகச் சொன்னான்.

"பழகிரும்" என்றாள் யூஜினா. "நான் பழகலையா?"

ஹட்டன் பஸ் வந்தது. அவன் ஏறினான்.

மறு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து பவுலின் முற்றத்தில் குந்தி, கறிக்கு லீக்ஸ் துப்புரவு செய்துகொண்டிருந்தார். படலைக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்து நிமிர்ந்தார். விஜிதரன். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

"என்ன தம்பி, றிச்சர்ட் இன்னும் ஏதாச்சும் குடுத்து வுட்டானா?"

"இல்லம்மா." அவன் படலையின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அவங்கள பாக்கத்தான் வந்தேன்."

உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த யூஜினாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. சீப்பு தலையிலேயே நின்றது. அம்மா என்ன சொல்லப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். லீக்ஸ் தாள் கிழிகிற சத்தம் நின்று போயிருந்தது.

"மூனு பஸ் மாறியா வந்தீங்க?" என்றார் பவுலின்.

"ஆமாம்மா."

"அப்ப பசிக்கும். உள்ள வாங்க. அவ இப்பத்தான் தல வாருறா. அதுக்கு நேரமாகும்."

"நேரமாகாது" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள் யூஜினா. பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்தாள்.